சைஸ் மாற்றும் இன்லைன் ஸ்கேட்: செட்டிநாட்டுச் செம்மண்ணுக்குத் தாங்குமா?

2025 உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டர் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை ஸ்கேட் கேட்டால், காரைக்குடியில் சுலபமாகக் கைக்கு வருவது சைஸ் மாற்றும் இன்லைன் ஜோடிதான், அதாவது ஒரு ஷூவுக்கு ஒரே வரிசையில் நான்கு சக்கரம். பழகுவதற்கு அது போதும். சக்கரத்துக்குள் கூடவே வரும் பேரிங்கை மட்டும் நம்ப வேண்டாம்.

பட்டனை அழுத்தி ஷூவை நீட்டிய பின் முன்பாகத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ‘டக்’கென்று பூட்டாமல் நழுவினால் வேறு ஜோடி கேளுங்கள். சக்கரங்களைப் பிடித்திருக்கும் பிரேமையும் கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். வளைந்து கொடுத்தால் திருப்பத்தில் கால் தள்ளாடும்.

சக்கரம் பியூ (பாலியூரிதேன்) ரகமாக இருக்கட்டும். பிவிசி சக்கரம் ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டுத் தரையில் வழுக்கும், தார் ரோட்டில் பல் ஆடும்படி அதிரும். சக்கரத்தில் அதன் கடினத்தைச் சொல்லும் எண் 82ஏ என்று போட்டிருந்தால் சிமெண்டுக்கும் ரோட்டுக்கும் சரி. உள்விளிம்புதான் முதலில் தேயும், அதனால் அவ்வப்போது திருப்பி மாட்டுங்கள்.

இனி பேரிங். ‘ஏபெக் 7’ என்ற தர ஸ்டிக்கர் சொல்வது பேரிங் அளவின் துல்லியத்தை. தூசியைத் தாங்குவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. தகர மூடியின் இடுக்கு வழியாகச் செம்மண் தூள் உள்ளே போய் கிரீஸோடு குழைந்தால் சக்கரம் ‘கரகர’ என்று சத்தம் போடும். ஜோடிக்கு 16 பேரிங், எல்லாமே 608 அளவு: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிமன் 7. மோட்டார் பேரிங் விற்கும் கடையில் 608-2ஆர்எஸ், அதாவது இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள். கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும், ஆனால் தூசி எளிதில் நுழையாது. தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீடுகளின் பழக்கம். அது மண்ணை இன்னும் இழுக்கும். மூடியைக் கழற்றிக் கழுவினால், நன்றாகக் காயவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

மாட்டும்போது இரு பேரிங்குக்கும் நடுவில் உள்ள சின்னக் குழாயை, அதாவது ஸ்பேசரை, தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் பேரிங் நசுங்கிச் சக்கரம் நின்றுவிடும்.

போட்டிக்கு இந்த ஜோடி உதவாது. 2017இல் சீனாவின் நான்ஜிங்கில் தொடங்கிய வேர்ல்ட் ஸ்கேட் கேம்ஸ் என்ற உலகப் போட்டியில் பிரிவுக்கு ஒரு ஷூ: ஸ்பீடுக்குக் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் விறைப்பான ஷூவும் 110 மி.மீ. போன்ற பெரிய சக்கரமும். ஸ்கேட் மாட்டி ஆடும் ரிங்க் ஹாக்கிக்கு, முன்னிரண்டு பின்னிரண்டு என்று சக்கரம் உள்ள குவாட். எந்தப் பிரிவு என்று முடிவாகும் முன் விலை கூடிய ஜோடியில் காசைப் போடாதீர்கள்.

ஸ்பீடு ஷூவில் பிரேக்கே கிடையாது. சைஸ் மாற்றும் ஜோடியில் வலது குதிகாலில் ரப்பர் கட்டை உண்டு. அது தேய்ந்து திருகு வெளியே தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தத் திருகு ஆத்தங்குடிக் கல்லைக் கீறிவிடும்.