கேஷ்லெஸ்ஸா, ரீஇம்பர்ஸ்மென்டா?

மருத்துவக் காப்பீடு இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவை ஈடுகட்ட இரண்டு வழி உண்டு. கேஷ்லெஸ் என்றால் காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டிவிடும். ரீஇம்பர்ஸ்மென்ட் என்றால் முதலில் நாம் கட்டி, அப்புறம் பில்லைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

முடிந்தவரை கேஷ்லெஸ்தான் நல்லது. ராத்திரியோடு ராத்திரியாக நகையை அடகு வைக்க ஓட வேண்டாம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதிப்படி, கேஷ்லெஸ்ஸுக்கு அனுமதி கேட்டால் 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்லியாக வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் பெரிய சிகிச்சைக்குக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் நிறைய. அதனால் நாகர்கோவில், மார்த்தாண்டத்தோடு நிறுத்தாமல் அங்குள்ள ஆஸ்பத்திரிகளையும் இப்போதே பார்த்து வையுங்கள்.

பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரமாகச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் ரீஇம்பர்ஸ்மென்ட்தான். அதில் எல்லாமே காகிதம்: டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டரின் சீட்டு, பணம் கட்டிய ரசீது, எல்லாம் ஒரிஜினல். மருந்துக்கடை பில்லில் நோயாளி பெயரும் தேதியும் சரியா என்று கவுன்டரிலேயே பாருங்கள். கொடுக்கும் முன் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கேஷ்லெஸ்ஸில் சேர்ந்தவர்களும் பில்லைத் தூக்கிப் போடக் கூடாது. சேர்வதற்கு முன் எடுத்த ஸ்கேன், வீடு திரும்பியபின் வாங்கிய மருந்து ஆகியவற்றைப் பெரும்பாலான பாலிசிகளில் தனியாகக் கேட்டு வாங்கலாம். எத்தனை நாள் வரை என்பது பாலிசியில் இருக்கும்.