காட்பாடி வண்டியா, காந்தி ரோடு சாவ்மீனா, ஏசி ஹோட்டலா: கேங்கா நூடுல்ஸ் சாப்ட எங்க போலாம்

வேலூர்ல நல்ல நூடுல்ஸ் எங்கன்னு எவன்கிட்ட கேட்டாலும் அவனவன் ஏரியா கடைய தான் சொல்லுவான், சத்துவாச்சாரிக்காரன் சத்துவாச்சாரி வண்டிய விட்டுக்குடுக்க மாட்டான், தொரப்பாடிக்காரன் அவனுக்கு மேல. ருசிய வச்சு இந்த சண்டைய ஆரம்பிச்சா விடியுற வரைக்கும் முடியாது. அதனால நான் வேற கணக்குல தான் பாக்குறேன், ஒத்த ஆளா போனா எல்லா கடையும் நல்ல கடை தான், அஞ்சாறு பேரு ஒண்ணா போய் நின்னு ஒரே நேரத்துல பசிக்குதுன்னு கேக்கும்போது எந்த கடை தாங்குதுன்றது தான் விஷயம். நம்ம ஊர்ல எவன் தனியா நூடுல்ஸ் சாப்ட கெளம்புறான், ஒருத்தன் வண்டிய எடுத்தாலே பின்னாடி நாலு பேரு ஏறிக்கிறான்.

கடை பேரு எதுவும் போடப்போறதில்ல, வண்டிக்காரங்க இடம் மாறிக்கினே இருப்பாங்க, மாஸ்டர் மாறுனா கடையே வேற கடை ஆயிடும். வகைய சொல்றேன், புரிஞ்சுக்குவீங்க.

மொதல்ல காட்பாடி. விஐடி கேட்டு பக்கத்துலருந்து சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரைக்கும் சாயந்தரம் ஆனா பாஸ்ட்புட் வண்டிங்க வரிசையா நிக்கும். 1984-ல வேலூர் இன்ஜினியரிங் காலேஜா ஆரம்பிச்சது இன்னிக்கி இந்தியா பூரா பசங்க வந்து படிக்கிற எடம், மெஸ் சாப்பாடு புடிக்காத அத்தன பேருக்கும் இந்த ரோடு தான் கதி. இங்க நூடுல்ஸ் மத்தியானமே வெந்துடும், வடிச்சு எண்ணெ தடவி பெரிய பேசின்ல கொட்டி வச்சிருப்பாங்க, கோஸ் கேரட் கொடமொளகா எல்லாம் நறுக்கி ரெடியா இருக்கும். ஆர்டர் வந்தா ஹை பிரஷர் அடுப்ப தெறந்து வுட்டு, கடாய்ல முட்டை, மேல கோஸ், மேல நூடுல்ஸ், உப்பு, பெப்பர், அஜினோமோட்டோ, சோயா, சில்லி சாஸ், ரெண்டு தூக்கு தூக்கி போட்டா ரெண்டு நிமிஷத்துல தட்டு. அந்த லைட்டா கருகுன வாசனை இருக்கு பாருங்க, அது வீட்டு கேஸ் அடுப்புல ஜென்மத்துக்கும் வராது.

ஆனா பிரச்சன இங்க தான். அந்த வாசனை வரணும்னா கடாய் நல்லா காஞ்சு இருக்கணும். தண்ணி இருக்குற வரைக்கும் சூடு 100 டிகிரிய தாண்டாது, காயும் நூடுல்ஸும் செவக்கணும்னா 140க்கு மேல போகணும். ரெண்டு பிளேட் போட்டா கோஸ்ல இருக்குற தண்ணி சட்டுனு ஆவியாயிடும். கூட்டம் நிக்குதுன்னு ஆறு பிளேட்ட ஒண்ணா கொட்டுனா கடாய் ஆறிடும், கோஸ் தண்ணி விடும், நூடுல்ஸ் வதங்கறதுக்கு பதிலா அவியும், அத மறைக்க சாஸ கூட ஊத்துவாங்க. ராத்திரி எட்டர மணிக்கு போயிட்டு வந்து "அந்த கடை மொத மாதிரி இல்லடா"ன்னு சொல்றவன் முக்கால்வாசி பேரு இந்த ஆறு பிளேட் நூடுல்ஸ தின்னவன் தான். அதே மாஸ்டர், அதே சாஸ், ஏழு மணிக்கு போய் பாருங்க.

"ரெண்டு ரெண்டா போடுண்ணா"ன்னு கேட்டு பாத்தாச்சு. "இன்னாபா, பின்னாடி இவ்ளோ பேரு நிக்கிறாங்க தெரில?"ன்னு ஒரு பார்வ பாப்பாரு, அதுவும் நியாயம் தான், அவருக்கு யாவாரம். அதனால எங்க செட்டுல ஒரு வேலை பண்றோம், எல்லாரும் ஒரே ஐட்டம் சொல்றதில்ல. ரெண்டு பேரு முட்டை நூடுல்ஸ், ரெண்டு பேரு சிக்கன் நூடுல்ஸ், ஒருத்தன் முட்டை ரைஸ், இன்னொருத்தன் காளான். இத ஒரே கடாய்ல கொட்ட முடியாதில்ல, அவரே தனித்தனியா போட்டு தான் ஆகணும், அப்பறம் தட்ட சுத்தி வுட்டு எல்லாரும் எல்லாத்தையும் சாப்டுக்க வேண்டியது தான். இதுல கஷ்டப்படுறது ஒருத்தர் மட்டும் தான், சுத்த சைவம். முட்டை போட்ட கடாய ஒரு துணியால தொடச்சுட்டு தான் வெஜ் நூடுல்ஸ் போடுவாங்க, அந்த மாதிரி ஃப்ரெண்டு கூட வந்தா வண்டிய மறந்துடுங்க. மே மாசத்துலயும் மறந்துடுங்க, நாப்பது டிகிரி அடிச்ச ஊர்ல ராத்திரி கூட அந்த அடுப்பு பக்கத்துல நின்னு சாப்டறதுக்கு தனி உடம்பு வேணும்.

அஜினோமோட்டோவ பத்தி வீட்ல திட்டு வாங்காதவங்க இல்ல. அது 1908-ல இகெடான்னு ஒரு ஜப்பான் வாத்தியாரு கடல்பாசி சூப்புலருந்து பிரிச்செடுத்த ருசி, தக்காளிலயும் அதே குளுட்டமேட் இருக்கு. எனக்கு அத விட சைடு டிஷ் செவப்பு தான் பயம், சில்லி சிக்கன் சாப்ட்ட வெரல் மறுநாளும் செவப்பா இருந்தா அது மொளகா இல்லன்னு தெரிஞ்சுக்கோங்க. கர்நாடகாவுல 2024 மார்ச்ல கோபி மஞ்சூரியன்ல செயற்கை கலர் போடக்கூடாதுன்னு தடையே போட்டாங்க. இங்க நாமளே "கலர் போடாம குடுண்ணா"ன்னு கேக்கலாம், கேட்டா குடுக்குறாங்க.

அடுத்தது காந்தி ரோடு. 1900-ல ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு படுக்கைய போட்டு ஆரம்பிச்ச சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கி பெங்கால், அஸ்ஸாம், திரிபுரா, பங்களாதேஷ்லருந்தெல்லாம் ஜனங்க வர்றாங்க. வந்தவங்க டெஸ்ட்டு, ரிசல்ட்டு, ஆபரேஷன்னு வாரக்கணக்குல லாட்ஜ்ல தங்குறதால அந்த சந்துங்கள்ல போர்டே வங்காளத்துல தான் இருக்கும், மீன் கொழம்பு சாதமும் சாவ்மீனும் (மீன் இல்ல, அவங்க ஸ்டைல் நூடுல்ஸ்) அவங்க நாக்குக்கு ஏத்த மாதிரி கெடைக்கும். நம்ம வண்டி நூடுல்ஸ் மாதிரி எதிர்பாத்து போனா மொத வாயில ஏமாந்துடுவீங்க. நூடுல்ஸ் மெல்லிசா, சாஃப்ட்டா இருக்கும், சாஸ் கம்மி, மேல பச்ச வெங்காயமும் வெள்ளரிக்காவும் தூவி பெப்பர் போட்டு குடுப்பாங்க, சாஸ் வேணும்னா நாமளே ஊத்திக்கலாம். கடுகெண்ணெ போடுற கடையா இருந்தா வாசனையே காட்டிக்குடுத்துடும், அது புடிக்காதவன் மூக்க மூடிக்கினு வெளிய வந்துடுவான்.

இந்த சாவ்மீனுக்கு ஊரு கொல்கத்தா டேங்ரா. அங்க வந்து குடியேறுன ஹக்கா சீனாக்காரங்க தோல் பதனிட்டவங்க, அப்பறம் அதே எடத்துல ஹோட்டல் போட்டவங்க. நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டும் தோல் ஊரு தான். பாலாத்த கெடுக்குதுன்னு நம்ம தோல் தொழிற்சாலைங்க மேல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு குடுத்தது 1996 ஆகஸ்ட்டுல, அதே வருஷம் டிசம்பர்ல கொல்கத்தா தோல் தொழிற்சாலைங்கள ஊருக்கு வெளிய போக சொல்லி இன்னொரு தீர்ப்பு. தோல் தொழில் ரெண்டு பக்கமும் ஒண்ணு தான், அவங்களுக்கு சாவ்மீன் வந்துச்சு, நமக்கு பிரியாணி வந்துச்சு.

கேங்கா போறவனுக்கு இதுல என்ன லாபம்னா, இந்த ஸ்டைல் கருகல் வாசனைய நம்பி இல்ல. மொத்தமா போட்டாலும் கெடாது, சாஃப்ட்டா இருக்கணும்றது தான் அதோட லட்சணமே. ஆறு பேரு போய் ஆறு பேரும் சாவ்மீன் சொன்னாலும் ஒரே மாதிரி வரும். அளவு தான் கொஞ்சம் கம்மி, பெரிய வயிறுக்காரன் கூடவே ஒரு ரோல் சொல்லிக்கணும். ஒண்ணு மட்டும், பக்கத்து டேபிள்ல ரிப்போர்ட் கவர மடியில வச்சுக்கினு யாராவது சாப்ட்டுக்கினு இருப்பாங்க, அங்க போய் பர்த்டே கேக் வெட்டி மூஞ்சில பூசி கத்துற வேலையெல்லாம் வேணாம்.

ஏசி ஹோட்டல பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. பிளேட்டுக்கு பிளேட் தனியா போடுறாங்க, அந்த வகையில வண்டிய விட பெட்டர், ஆனா உள்ளேருந்து டேபிளுக்கு வர்றதுக்குள்ள சூடு போயிடுது. வண்டில நாலு பேரு சாப்டற காசுக்கு இங்க ரெண்டு பேரு சாப்டலாம், மேல 5 சதவீதம் ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜ்னு ஒரு லைன் பில்லுல இருந்தா எடுத்துட சொல்லுங்க, கட்டாயப்படுத்த கூடாதுன்னு 2022-லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு. ஹக்கான்னு ஒண்ணு, செஸ்வான்னு ஒண்ணு வாங்கி ஷேர் பண்ணா ரெண்டும் ஒரே நூடுல்ஸ், ஒண்ணுல செவப்பு சட்னி, அவ்ளோ தான். ஆனாலும் அம்மாவையோ தங்கச்சியையோ கூட்டிட்டு போகணும், உக்காரணும், பாத்ரூம் இருக்கணும்னா வேற வழி இல்ல. சைவ ஃப்ரெண்டுக்கும் இதுல சுத்த சைவ ஹோட்டலா பாத்து போறது தான் நிம்மதி.

என் ஓட்டு, மூணு பேருக்குள்ளன்னா ஏழு மணிக்கு காட்பாடி வண்டி, வேலூர்ல அத அடிச்சிக்க எதுவும் இல்ல. அதுக்கு மேல ஆளு சேந்தா, இல்ல எட்டு மணிக்கு மேல ஆயிட்டா, ஆத்து பாலம் தாண்டி காந்தி ரோடு. ட்ரீட் வேற எவனாவது குடுக்குறான்னா மட்டும் ஏசி.

பார்சல்னா கணக்கு தலகீழ். வண்டி நூடுல்ஸ கொதிக்க கொதிக்க கட்டுனா வீடு போறதுக்குள்ள வேர்த்து களி ஆயிடும், அதுவும் இன்னும் பிளாஸ்டிக் கவர்ல கட்டுற ஆளுங்க இருக்காங்க, 2019 ஜனவரிலருந்து தமிழ்நாட்ல தடை. டப்பா கொண்டு போங்க, அஞ்சு நிமிஷம் மூடாம வச்சு ஆவி போனப்பறம் மூடுங்க. சாவ்மீன் பார்சல் தாங்கும், வெங்காயத்தையும் வெள்ளரிக்காவையும் மட்டும் தனி பொட்டலமா கேட்டு வாங்கிடுங்க.