ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் 480 ரூபாய் நிறமாலை கிட்: அட்டைப்பெட்டி சொல்வதை நம்பாமல் வாங்கலாம்

பாரிமுனைப் பக்கம் ஒரு லேப் சாமான் கடையில் கிடைக்கிறது. உள்ளே மில்லிமீட்டருக்கு 1000 கோடு போட்ட கீற்றணி பிலிம் (ஒளியை நிறங்களாகப் பிரிப்பது), 15 செ.மீ. அட்டைக் குழல், ஒளி நுழைய ஒரு பிளவு, வானியலாளர் ஹபிள் 1929இல் வெளியிட்ட 24 கேலக்ஸிகளின் தூர, வேக அட்டவணை, வரைபடத் தாள்.

‘கேலக்ஸியின் செம்பெயர்ச்சியை நீங்களே பாருங்கள்’ என்று மேலே அச்சடித்திருக்கிறார்கள். கேலக்ஸி விலகிப் போனால் அதன் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும், நெருங்கி வந்தால் நீலப் பக்கம்; சிவப்புப் பக்க நகர்வுதான் செம்பெயர்ச்சி. சுத்தப் பொய். 1912இல் வானியலாளர் ஸ்லைஃபர் ஆன்ட்ரோமீடா கேலக்ஸியை அளந்தபோது, 24 அங்குலத் தொலைநோக்கி இருந்தும் ஒரே புகைப்படத் தட்டில் பல இரவுகள் ஒளியைச் சேர்க்க வேண்டியிருந்தது. கிடைத்த வேகம் நொடிக்கு 300 கி.மீ., அதுவும் நம்மை நோக்கி. 393.4 நானோமீட்டர் கால்சியம் கோடு அதற்கு நகர்வது வெறும் 0.4 நானோமீட்டர். இந்தக் குழலின் பிளவு அரை மில்லிமீட்டர் அகலம். மூன்று நானோமீட்டருக்குள் இருக்கும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். துறைமுக வெளிச்சத்தில் ராயபுரம் மொட்டைமாடியிலிருந்து ஆன்ட்ரோமீடாவைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு.

விளக்குகளைப் பார்க்க மட்டும் என்றால் கிட் அருமை. பிளவை மாற்றினால் போதும். சவரப் பிளேடை இரண்டாக ஒடித்து, நடுவில் இரண்டு ஏ4 தாள்களைச் செருகி விளிம்புகளை நெருக்கி ஒட்டுங்கள், தாள்களை உருவிவிடுங்கள். 0.2 மி.மீ. இடைவெளி கிடைக்கும். பழைய டியூப்லைட்டைப் பார்த்தால் பாதரசத்தின் மஞ்சள் கோடுகள் 577, 579 என இரண்டாகப் பிரிய வேண்டும். ஒன்றாகவே தெரிந்தால் விளிம்புகள் இணையாக இல்லை, அல்லது பிளவும் கீற்றணிக் கோடுகளும் ஒரே திசையில் இல்லை. அளவுகோலைச் சம இடைவெளியில் அச்சடித்திருப்பதும் தப்பு. 435.8, 546.1 கோடுகள் விழும் இடங்களை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். காசிமேட்டுக் கடல்காற்றில் அட்டை ஒரு மழைக்காலம் தாங்காது, பிவிசி குழாய்க்கு மாற்றிவிடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. எச்சரிக்கை வாசகம் எங்குமே இல்லை, இது மன்னிக்க முடியாத குறை.

காசுக்கு மதிப்பு அந்த அட்டவணைதான். என்ஜிசி 4382, 4472, 4486, 4649 (பட்டியல் எண்கள்) என்ற நான்கு கேலக்ஸிகளுக்கும் ஹபிள் ஒரே தூரம், 20 லட்சம் பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) என்று போட்டிருக்கிறார். வேகமோ நொடிக்கு 500, 850, 800, 1090 கி.மீ. இவை இருக்கும் கன்னிக் கொத்து என்ற கேலக்ஸிக் கூட்டத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் சொந்த ஓட்டம் உண்டு, அதனால்தான் இந்தச் சிதறல். ஆனால் வரைபடத் தாளின் வேக அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறது. அட்டவணையில் ஆன்ட்ரோமீடாவுக்குப் போட்டிருக்கும் மைனஸ் 220 உட்பட நெருங்கி வரும் ஐந்துக்கும் இடமே இல்லை. கீழே இன்னொரு தாளை ஒட்டி மைனஸ் 300 வரை நீட்டுங்கள்.

தூரத்துக்கு எதிரே வேகத்தைக் குறித்துக் கோடு இழுத்தால், மெகாபார்செக்குக்கு (பத்து லட்சம் பார்செக்) நொடிக்கு 500 கி.மீ. வாக்கில் வரும். இன்றைய மதிப்பு 70ஐ ஒட்டியது. 500ஐ வைத்துக் கணக்கிட்டால் பிரபஞ்சத்துக்கு 200 கோடி வயது, பூமியின் வயதைவிடக் குறைவு! கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் கேட்கும். காரணம், ஹபிளின் தூரங்கள் மிகக் குறைவு. தூரம் அளக்க உதவும், ஒளி கூடிக் குறையும் செஃபீடு விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்பதை வானியலாளர் பாடே 1952இல் அறிவித்த பிறகுதான் தூரங்கள் ஒரேயடியாக இரட்டிப்பாயின. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆசிரியர் தெரிந்துவைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவது நல்லது.