புளித்த அப்பமும் புளிப்பில்லா அப்பமும்

ரோமன் கத்தோலிக்கரின் இலத்தீன் திருப்பலியில் புளிப்பில்லாத மெல்லிய அப்பம்: இயேசுவின் கடைசி இரவுணவு யூதர்களின் பாஸ்கா விருந்து, அதில் புளிப்புக்கு இடமில்லை என்பது அதன் நியாயம். கிரேக்க மரபில் வந்த கீழைத் திருச்சபைகளின் பைசாந்திய வழிபாட்டில் புளித்து உப்பிய அப்பம். உயிர்த்தெழுந்தவரை அந்த மாவே சொல்லிவிடுகிறது. 1439இல் புளோரன்ஸில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் இரண்டும் செல்லும் என்றது.

என் மனம் நின்றுவிடுவது பைசாந்திய வழிபாட்டின் திராட்சை இரசக் கிண்ணத்தின் அருகில்தான். நற்கருணையாக அப்பத்தையும் இரசத்தையும் வழங்குமுன் அதில் கொஞ்சம் சுடுநீர் ஊற்றுகிறார்கள். தூய ஆவியின் அனலாம் அது. இரசத்தில் ஊறிய அப்பத்தை, திருமுழுக்குப் பெற்ற கைக்குழந்தைக்கும் குரு சிறு கரண்டியால் ஊட்டுகிறார். இலத்தீன் மரபோ குழந்தைக்கு விவரம் தெரியும் வயதுவரை காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பிலும் அன்பு உண்டு. ஆனாலும் மறைபொருளைப் புரிந்துகொண்ட பிறகே உண்ண வேண்டுமென்றால், நான் இன்னும் பந்தியில் உட்கார்ந்திருக்கவே முடியாது.