ஒரே நோட்டில் சாப்பாடும் பயிற்சியும்: மூன்று மாத ஜிம் அனுபவம்

மதுரையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில், பயிற்சியையும் உணவு ஆலோசனையையும் சேர்த்து மூன்று மாதத்துக்கு 9,000 ரூபாய் வாங்குகிறார்கள். வாரத்தில் நான்கு நாள் முக்கால் மணி நேரப் பயிற்சி. சனிக்கிழமைதோறும் உணவு ஆலோசகருடன் அரை மணி நேரப் பேச்சு. எனக்கு வயது 46. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவன். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சேர்ந்த அன்று எடை 78 கிலோ.

இயந்திரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு டிரெட்மில்களில் ஒன்று பாதி நாள் ஓடுவதில்லை. இந்த இடத்தை வேறுபடுத்துவது ஒரு நீளவாட்டு நோட்டு. அதன் இடப்பக்கத்தில் அன்று எத்தனை ஸ்குவாட், எத்தனை கிலோ டம்பெல் என்று பயிற்சியாளர் எழுதுவார். வலப்பக்கத்தில் முந்தின நாள் சாப்பிட்டதை நான் எழுத வேண்டும். பயிற்சியாளரும் ஆலோசகரும் இரண்டு பக்கங்களையும் படித்துவிட்டுத்தான் மறுநாளைக்கு என்ன என்று முடிவு செய்கிறார்கள்.

முதல் சனிக்கிழமை கையில் கிடைத்தது ஓட்ஸ், அவகாடோ என்று அச்சடித்த பொதுவான தாள். எங்கள் வீட்டில் இது நடக்காது என்றதும், ஆலோசகர் அதை மடித்து வைத்துவிட்டு, நான் வழக்கமாகச் சாப்பிடுவதைக் கேட்டுக் கணக்குப் போட்டார். காலையில் நான்கு இட்லி, மதியம் சோறும் குழம்பும், மாலையில் வடையுடன் காபி, இரவு தோசை: புரதம் 40 கிராமைச் சுற்றித்தான் வந்தது. கிலோவுக்கு 0.83 கிராம் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவின்படி எனக்கு ஏறத்தாழ 65 கிராம் வேண்டும். காலையில் இரண்டு முட்டையும், வடைக்குப் பதிலாக 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டலும் சேர்த்தபோது இருபது கிராமுக்கு மேல் கூடியது. சோற்றில் ஒரு கரண்டி குறைந்து அந்த இடத்தில் பொரியல் வந்தது. வீட்டில் தனிச் சமையல் எதுவும் தேவைப்படவில்லை என்பதால்தான் மூன்று மாதமும் தாக்குப்பிடித்தேன்.

குறைகளில் பெரியது, சேரும்போது என்ன மருந்து எடுக்கிறேன் என்று எவரும் கேட்காதது. நானும் சொல்லவில்லை; அது என் தவறு. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போய்விட்டேன். நான்காவது சுற்று ஸ்குவாட்டில் கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்துக் கண் இருட்டியது. பயிற்சியாளர் உடனே உட்காரவைத்து, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்தது. இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை ஒருபுறமும் சர்க்கரையை இழுக்கும் தசைகள் மறுபுறமும் வேலை செய்தால் இப்படித்தான் ஆகும் என்று பிறகு என் மருத்துவர் விளக்கி, மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து நோட்டின் மேல்மூலையில் என் மருந்தின் பெயர் சிவப்பு மையில் இருக்கிறது; பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம் கட்டாயம்.

இரண்டாவது குறை, வரவேற்பு மேசையில் அடுக்கியிருக்கும் புரோட்டீன் பவுடர் டப்பாக்கள். ஆலோசகர் ஒருமுறைகூட அதைப் பரிந்துரைக்கவில்லை; மேசையில் இருப்பவரோ வாரம் தவறாமல் கேட்கிறார். 2024-இல் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள் உடலை வளர்க்கப் புரதப் பவுடர்களை நாட வேண்டாம் என்றே சொல்கின்றன என்று நான் சொன்ன பிறகும் கேட்டார்.

மூன்று மாத முடிவில் எடை 74.5 கிலோ, இடுப்புச் சுற்றளவு ஐந்து சென்டிமீட்டர் குறைவு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c சோதனை) 7.6-இலிருந்து 7.0 சதவீதம். விளம்பரப் பலகையில் உள்ள ‘முப்பது நாளில் பத்து கிலோ’ எனக்கு நடக்கவில்லை. அந்தப் பலகையைக் கழற்றினால் நல்லது. சேர விரும்புவோர் காலை ஆறு மணிக்கே போவது உத்தமம். ஏழு மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்து, பயிற்சியாளர் நோட்டைத் திறக்கவே நேரமில்லாமல் போகிறது.