"காலேஜுக்கு வரவே வேணாம், வக்கீல் ஆகிடலாம்"னு சொல்ற ஆபீஸ் பக்கம் போகாதீங்க - திருத்தணி, பள்ளிப்பட்டு சைடு பசங்களுக்கு

டிகிரி ஃபைனல் இயர் படிச்சிக்கினு அடுத்து மூணு வருஷ எல்.எல்.பி. போலாம்னு இருக்கிறவங்க, முக்கியமா திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை பக்கம் இருக்கிறவங்க இத முழுசா படிங்க. பார்டர் தாண்டி ஆந்திரா சைடுல ஒரு டவுன்ல ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடியில லா அட்மிஷன் கன்சல்டன்சின்னு ஒரு ஆபீஸ் இருக்குது. பேர் போடல, போட்டா நாளைக்கே போர்டு மாத்திடுவாங்க, ஏற்கெனவே ஒரு தடவ மாத்தினவங்கதான். ஆனா அந்த ஆள் எப்படி பேசுவாருன்னு சொல்றேன், கேட்டீங்கன்னா நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

நான் பி.காம். நைனா தறி ஓட்டுறாரு. எங்க அத்தை வீட்டுக்காரர் மூலமாதான் அந்த ஆபீஸ் தெரிஞ்சுது. போன உடனே டீ வாங்கி கொடுத்தாரு, தமிழும் தெலுங்கும் கலந்து அப்படி ஒரு பாசம், "ஏம் பர்வாலேதும்மா, நீ எதுக்கு டென்ஷன் ஆகுற, லாசெட் அப்ளிகேஷன்ல இருந்து கோட்டு மாட்டுற வரைக்கும் நம்ம பொறுப்பு, காலேஜுக்கு வரவே வேணாம், பரீட்சைக்கு மட்டும் வா, அட்டெண்டன்ஸ் நாங்க போட்டுக்கறோம், நீ பாட்டுக்கு வேலைக்கு போ"ன்னு நைனாகிட்ட சொல்றாரு. லாசெட்னா ஆந்திராவுல எல்.எல்.பி. சேர எழுதுற என்ட்ரன்ஸ். மொத்தம் 1,40,000. அட்வான்ஸ் 35,000. ரசீது கேட்டா அவரோட விசிட்டிங் கார்டு பின்னாடி "35 ரிசீவ்டு"ன்னு எழுதி ஒரு கையெழுத்து, அவ்ளோதான். நல்லவேள 20,000 ஜிபேல அனுப்பினோம், மீதிதான் கேஷ்.

அந்த 1,40,000ல 30,000 "பார் கவுன்சில் என்ரோல்மென்ட் செலவு"ன்னு, அதாவது படிச்சு முடிச்சு வக்கீலா பதிவு பண்ற செலவுன்னு, தனியா ஒரு வரி எழுதி வெச்சிருந்தாரு. 2024 ஜூலை 30ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, என்ரோல்மென்ட் ஃபீஸ் ஜெனரலுக்கு 750 ரூபா, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபா, அதுக்கு மேல ஸ்டேட் பார் கவுன்சில் வாங்கக்கூடாதுன்னு. இவரு 30,000ன்றாரு, அதுவும் மூணு வருஷம் கழிச்சு நடக்கப்போற விஷயத்துக்கு இப்பவே.

அதோட நிக்கல. கிளாட் (நேஷனல் லா யுனிவர்சிட்டிங்களுக்கான என்ட்ரன்ஸ்) மெட்டீரியல்னு ஒரு கட்டு புக்கு 4,500க்கு தலையில கட்டினாரு. கிளாட் யூ.ஜி. எழுதினா கிடைக்கிறது அஞ்சு வருஷ சீட், பிளஸ் டூ முடிச்சவங்களுக்கானது, கிளாட் பி.ஜி.ன்னா எல்.எல்.எம்.க்கு. டிகிரி முடிச்சிட்டு மூணு வருஷம் படிக்கப்போறவளுக்கு அந்த புக்கால இன்னா பிரயோஜனம்? பெங்களூரு நேஷனல் லா ஸ்கூல்ல மூணு வருஷ கோர்ஸ் இருக்குதான், ஆனா அதுக்கு அவங்களே தனியா என்.எல்.எஸ்.ஏ.டி.ன்னு ஒரு என்ட்ரன்ஸ் வெக்கிறாங்க. டெல்லி யுனிவர்சிட்டிக்கு க்யூட் பி.ஜி.ன்ற என்ட்ரன்ஸ். நம்மூர் ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்ற தைரியத்துலதான் இந்த புக்கு வியாபாரமே நடக்குது.

இப்ப முக்கியமான மேட்டர். லாசெட் அப்ளிகேஷன் அவங்களே போட்டாங்க. அதுல மொபைல் நம்பர், மெயில் ரெண்டுமே அவங்களோடது. ஓ.டி.பி. வந்தா அந்த ஆபீஸ் போனுக்குதான் வரும், பாஸ்வேர்டும் அவங்ககிட்டதான். டேபிள் மேல ஒரு நீள நோட்டு, பக்கம் பக்கமா பசங்க பேரு, எதிர்ல பாஸ்வேர்டு பேனாவுல எழுதியிருக்கு, எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே பாஸ்வேர்டு, கடைசி ரெண்டு நம்பர் மட்டும் மாறுது. அன்னிக்கே "வெரிஃபிகேஷனுக்கு வேணும்"னு டென்த், பிளஸ் டூ, செமஸ்டர் மார்க்ஷீட், கம்யூனிட்டி சர்டிஃபிகேட் எல்லாம் ஒரிஜினலா வாங்கி ஒரு புடவைக்கடை பையில போட்டு பீரோவுல வெச்சாரு. அந்த பீரோவுல அதே மாதிரி பை இன்னும் எத்தனையோ இருந்துச்சு.

பரீட்சைல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 120 கேள்வி, 90 நிமிஷம், நெகட்டிவ் மார்க் கிடையாது, பாதி கேள்வி லா ஆப்டிட்யூட், மீதி ஜி.கே.யும் கரண்ட் அஃபேர்ஸும். திருப்பதில சென்டர். நானே படிச்சிதான் எழுதினேன், ரேங்கும் வந்துச்சு. அப்புறம்தான் ஃபில்லப் பண்ணின அப்ளிகேஷன் பிரிண்ட் ஒண்ணு கொடுங்கன்னு நச்சரிச்சு வாங்கினேன். பாத்தா லோக்கல் ஏரியான்ற எடத்துல எஸ்.வி.யூ.ன்னு, அதாவது திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா யுனிவர்சிட்டி ஏரியான்னு, போட்டிருக்கு. நான் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து டிகிரி வரைக்கும் தமிழ்நாட்டுல படிச்சவ! ஆந்திராவுல 85 சதவீத சீட் அந்த ஏரியா லோக்கல் பசங்களுக்கு, நம்மள மாதிரி வெளியூர்க்காரங்க அந்த 85ல வரமுடியாது, நம்ம தமிழ்நாட்டு கம்யூனிட்டி சர்டிஃபிகேட்டும் அங்க ரிசர்வேஷனுக்கு செல்லாது. இத மறைச்சிட்டு என்னை லோக்கலா காட்டியிருக்காரு. கேட்டா சிரிச்சிக்கினே "அதுக்கு எம்.ஆர்.ஓ. (அங்கத்த தாசில்தார்) ஆபீஸ்ல ரெசிடென்ஸ் சர்டிஃபிகேட் ரெடி பண்ணிடலாம்மா, 8,000 தான்"ன்றாரு. வக்கீலாகப் போற பொண்ணு பொய் சர்டிஃபிகேட்ல ஆரம்பிக்கணுமாம்.

அட்டெண்டன்ஸ் கதையும் அதே மாதிரிதான். பார் கவுன்சிலோட 2008 லீகல் எஜுகேஷன் ரூல்ஸ்ல ஒவ்வொரு சப்ஜெக்டுக்கும் 70 சதவீதம் வரணும்னு இருக்கு. தபால்ல, வீட்டுல உக்காந்து படிக்கிற எல்.எல்.பி. வெச்சு என்ரோல் ஆகமுடியாது. 2023ல சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்க வக்கீலுங்க டிகிரிய சரிபாக்க ஒரு கமிட்டியே போட்டுது, அதாவது கோட்டு மாட்டி பல வருஷம் ஆனவங்க பேப்பரையே தோண்டுறாங்க. இந்த ஆபீஸ் சொல்ற காலேஜ் பார் கவுன்சில் லிஸ்ட்ல இருக்கான்னு பாக்கலாம்னு பேரு கேட்டேன், "அலாட்மென்ட் வரும்போது தெரியும்"னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.

இதுக்குள்ள தமிழ்நாட்டுல மூணு வருஷ எல்.எல்.பி.க்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் அப்ளிகேஷன் விட்டுட்டாங்க. இங்க என்ட்ரன்ஸே கிடையாது, டிகிரி மார்க்க வெச்சுதான் ரேங்க் லிஸ்ட். பட்டரைப்பெரும்புதூர் கவர்மென்ட் லா காலேஜ் நம்ம திருத்தணி ரோட்டுலயே இருக்கு, பஸ்ஸுல போறப்போ தினம் பாக்கிற காலேஜ், ஃபீஸும் இவரு சொல்ற துட்டுக்கு பக்கத்துலயே வராது. அதுக்கு ஸ்கேன் பண்ணணும் ஒரிஜினல் கொடுங்கன்னு அந்த ஆபீஸுக்கு போனா, "மீதி அமௌண்ட்ல 20,000 கட்டிட்டு எடுத்துக்கோம்மா"ன்றாரு. அம்மா, பாப்பான்னு பேசினவரு அன்னிக்கு நைனாவ பாத்து "ஏய் பெரியவரே, வெளிய போய்யா"ன்னாரு. அத என்னால மறக்க முடியல.

போலீஸ்ல இன்னும் ஒரு கூத்து. நம்ம சைடு ஸ்டேஷன்ல ஆபீஸ் ஆந்திராவுல இருக்கு அங்க போன்னாங்க, அங்க போனா தெலுங்குல எழுதிக்கினு வான்னாங்க. பெரியப்பா பையன் ஒருத்தன் கோர்ட்ல கிளார்க், அவன்தான் சொன்னான், 2024 ஜூலை 1ல இருந்து வந்த பி.என்.எஸ்.எஸ்.ன்ற புது கிரிமினல் நடைமுறை சட்டத்துல 173வது பிரிவுப்படி எந்த ஊர்ல குற்றம் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார் எடுக்கணும்னு. அந்த பிரிவு நம்பர மனுவுலயே எழுதி, ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் விசிட்டிங் கார்டு ஜெராக்ஸும் வெச்சு திரும்ப நம்ம ஸ்டேஷன்லயே கொடுத்தோம், அப்பதான் புகார் வாங்கினதுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தாங்க. எஸ்.ஐ. ஒரே ஒரு போன் போட்டாரு. சாயங்காலமே ஆபீஸ் பையன் ஒருத்தன் பைக்ல வந்து புடவைக்கடை பையோட கொடுத்துட்டு போனான். பிளஸ் டூ மார்க்ஷீட்ல பஞ்ச் ஓட்டை போட்டு வெச்சிருக்கானுங்க, படுபாவிங்க.

யூனிவர்சிட்டி அப்ளிகேஷன் கடைசி தேதிக்குள்ள நானே போட்டேன், என் நம்பர், என் மெயில், பிரௌசிங் சென்டர்ல அரை மணி நேர வேலை. இதுக்கா 1,40,000? ஜெனரலுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 டிகிரில இருந்தா அப்ளை பண்ணலாம், மிச்சமெல்லாம் கட்-ஆஃப் பாத்துக்கும். ஏற்கெனவே இவங்ககிட்ட அப்ளிகேஷன் போட்டு மாட்டினவங்க இருந்தா முதல்ல மொபைல் நம்பர், மெயில மாத்தித் தரச் சொல்லி லாசெட் ஹெல்ப்டெஸ்குக்கு எழுதுங்க, லோக்கல் ஏரியா தப்பா இருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க, ஏன்னா அதுல இருக்கிறது உங்க பேரு, அந்த ஆளோட பேரு இல்ல.

துட்டுல இதுவரைக்கும் 10,000 திரும்பி வந்திருக்கு. மீதிக்கு 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சாச்சு, அடுத்து திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் கோர்ட்ல போடப்போறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நம்ம குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், ஆந்திராவுக்கு அலைய வேணாம், 5 லட்சம் வரைக்கும் கோர்ட் ஃபீஸும் கிடையாது. என்னை மாதிரியே ஏமாந்த ஆர்.கே.பேட்டை பையன் ஒருத்தனும், நகரியில இருக்கிற ஒரு அக்காவும் சேர்றதா சொல்லியிருக்காங்க. அந்த நீள நோட்டுல பேரு இருக்கிற மத்தவங்களும் இன்பாக்ஸ்ல வாங்க, ஜிபே ஹிஸ்டரியையும் அவரு அனுப்பின வாய்ஸ் மெசேஜையும் மட்டும் அழிச்சிடாதீங்க.