சிக் ரூமுக்கு நாலு ஸ்டார், சிஸ்டருக்கு அஞ்சு

பள்ளிக்கூடத்துக்கு ரிவ்யூ எழுதுகிறவர்கள் ரிசல்ட், ஸ்மார்ட் போர்டு, நீச்சல் குளம் என்றுதான் எழுதுகிறார்கள். நான் எழுதப் போவது சிக் ரூமைப் பற்றி. கோயம்புத்தூரில் கணபதி பக்கம் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் நாலாம் வகுப்பு. டைப் 1 சர்க்கரை, ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போட்டாக வேண்டும். பள்ளியின் பெயரை எழுதவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், பாப்பா இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.

முன்பு படித்த பள்ளியில் சிக் ரூம் என்றால் ஒரு கட்டில், ஒரு டெட்டால் பாட்டில். மருந்து எதையும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம், ஊசி போடுகிற பொறுப்பும் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மதியம் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய், வாட்ச்மேன் அறையில் வைத்து ஊசி போட்டுவிட்டு வருவேன். சர்க்கரை கொஞ்சம் இறங்கினால் போதும், "வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்று போன் வரும். இறங்கிய சர்க்கரைக்கு அப்பா வந்து சேருகிற வரை காத்திருக்கத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் புரியவில்லை.

இங்கே அட்மிஷன் முடிந்ததும் நர்ஸ் சிஸ்டர் என்னையும் வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். டாக்டர் கையெழுத்து போட்ட கடிதம் வேண்டும் என்றார். எத்தனை யூனிட், எவ்வளவு இருந்தால் கூடுதலாகப் போடுவது, எவ்வளவுக்கு மேல் போனால் கீட்டோன் (இன்சுலின் பற்றாதபோது உடம்பில் சேருகிற அமிலம்) பார்ப்பது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். "டாக்டர் எழுதினதுக்கு மேல அரை யூனிட் கூட நானா மாத்த மாட்டேனுங்க. மாத்தணும்னா அவர்கிட்ட நீங்க எழுதி வாங்கிட்டு வரணும்" என்று கறாராகச் சொன்னார். எனக்கு அந்தக் கறார் பிடித்திருந்தது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "சர்க்கரை லோ ஆனா பாப்பா எப்படி இருப்பாளுங்கண்ணா?" நடுக்கம், வியர்வை, பசி என்று நான் ஆரம்பித்தேன். "அது எல்லாக் குழந்தைக்கும் சொல்றதுங்க. உங்க பாப்பா எப்படி இருப்பா?" வீட்டுக்காரம்மாதான் சரியாகச் சொன்னாள்: பேச்சு குறையும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்துவாள். சிஸ்டர் அதைத்தான் முதல் வரியாக எழுதிக்கொண்டார்.

அந்த வரி ஒரு பக்கத் தாளில் ஏறியது. மேலே பாப்பா போட்டோ, அதன் அடியில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் என்ன செய்வது, யாருக்கு போன் பண்ணுவது. எங்களிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு வகுப்பு மிஸ், பி.டி. சார், லைப்ரரி மிஸ், கேன்டீன் அக்கா, வேன் அண்ணா என்று ஆளுக்கு ஒரு நகல் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. ஒவ்வொருவரையும் குளுக்கோமீட்டரில் ஒரு தடவை பார்க்கச் சொல்லி, குளுக்கோன்-டி கலக்க வைத்துத்தான் அனுப்பினாராம். வேன் அண்ணா என்னிடமே பெருமையாகச் சொன்னார், தன் விரலில் குத்திப் பார்த்ததில் அவருக்கு 190 இருந்ததாம். இப்போது அவரும் மாத்திரை சாப்பிடுகிறார்.

இந்தத் தாள் வேலை செய்ததை ஒரு நாள் பார்த்தோம். கணக்கு வகுப்பில் பாப்பா ஒரு ரப்பருக்காகப் பக்கத்துப் பிள்ளையிடம் கத்தியிருக்கிறாள். சாதாரணமாக அதற்குத் திட்டுதான் விழும். மிஸ் திட்டவில்லை, இன்டர்காமில் சிஸ்டரைக் கூப்பிட்டார். லோ என்று சந்தேகம் வந்தால் பிள்ளையை நடக்க வைத்து சிக் ரூமுக்கு அனுப்பக்கூடாது, சிஸ்டர்தான் பிள்ளை இருக்கிற இடத்துக்கு வர வேண்டும் என்பது அங்கே விதி. பார்த்தால் 58. மூன்று டீஸ்பூன் குளுக்கோன்-டி, அரை டம்ளர் தண்ணீர். 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்தால் 84. சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் முக்கால் மணி இருந்ததால் ரெண்டு மேரி பிஸ்கட். அடுத்த பீரியடுக்குப் பாப்பா இங்கிலீஷ் டிக்டேஷன் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு மெசேஜ் வந்தது எல்லாம் முடிந்த பிறகு, நேரமும் ரீடிங்கும் போட்டு. நான் பட்டறையை விட்டு நகரவே இல்லை.

என் தொழிலில் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கருகின பிறகுதான் மோட்டார் என்னிடம் வரும். சிஸ்டர் செய்கிறது ஓவர்லோடு ரிலே வேலை, கருகும் முன்னாடியே கரண்டை நிறுத்திவிடுகிற கருவி அது. அதுவும் ஒரே ரிலேயை நம்பாமல், பிள்ளை போகிற வழியெல்லாம் ஒன்று மாட்டி வைத்திருக்கிறார்.

வீட்டுப் பக்கமும் விடவில்லை. எங்கள் அம்மாவுக்குப் பாகற்காய்ச் சாற்றில் நம்பிக்கை அதிகம். இத்தனை சின்னப் பிள்ளைக்கு ஊசியா, சாறு கொடுத்துக் கொடுத்து ஊசியை நிறுத்திவிடலாம் என்று தினமும் ஒரு பேச்சு. நான் சொன்னால் சண்டையாகும். ஒரு பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மாவையும் கூட்டிவரச் சொன்னார் சிஸ்டர். "பாகற்காய் பொரியல் நல்லதுங்கம்மா, தாராளமாப் பண்ணிக் கொடுங்க. ஆனா பெரியவங்களுக்கு வர்ற சர்க்கரை வேற, இது வேற. இவ உடம்புல இன்சுலின் சுரக்கிறதே நின்னு போச்சு. வெளியில இருந்து கொடுக்கலைன்னா ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரில ஐ.சி.யூ.ல படுக்க வேண்டி வந்துரும்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில், "அந்தப் பொண்ணு மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குக் கத்துறேன்" என்றார். இப்போது ராத்திரி ஊசிக்கு நேரமாச்சு என்று குரல் கொடுப்பதே அவர்தான்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்வது என்பதைப் பாப்பாவிடமே கேட்டார்கள். ஊசியைப் பற்றிச் சொல்லலாம், வயிற்றில் போடுவது என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்றாளாம். அப்படியே செய்தார்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னதால் டிபன் பாக்ஸ் பங்கு போடுவது நிற்கவில்லை. பிறந்தநாள் சாக்லேட் வந்தால் மிஸ் வாங்கி வைத்து, மதிய ஊசியோடு கணக்குப் பண்ணிக் கொடுக்கிறார்.

ஊட்டி டூர் வந்தபோது, பாப்பாவை அனுப்ப வேண்டாமே என்று ஆபீசில் ஒருத்தர் இழுத்தார். சிஸ்டர்தான் பேசினார். அவரால் போக முடியவில்லை, பி.டி. சாரைத் தயார் பண்ணி அனுப்பினார். சாப்பாடு தாமதமானால் ஊசியும் தாமதமாகத்தான் போட வேண்டும், தட்டு கண் முன்னால் வந்த பிறகே இன்சுலின் பேனாவை எடுக்க வேண்டும் என்று சாரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் கிடைத்ததாம். சார் சரியாக நடந்துகொண்டார்.

பத்தாம் வகுப்பு பரீட்சைக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. ஆனாலும் டைப் 1 பிள்ளைகள் சர்க்கரை மாத்திரை, பழம், சாண்ட்விச், தண்ணீர் பாட்டில் ஹாலுக்குள் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-ல் விட்ட சுற்றறிக்கையை இப்போதே எங்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அரசுப் பள்ளிகளுக்கு ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசாங்கக் குழந்தைகள் நலத் திட்டத்தின் டாக்டர் குழு வருஷம் ஒருமுறை வண்டியில் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. குறையைக் கண்டுபிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நல்ல ஏற்பாடு. ஆனால் மதியம் ஊசி போட அங்கே ஆள் கிடையாது. அங்கே படிக்கிற டைப் 1 பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னும் கேட்டில்தான் நிற்கிறார்கள்.

சரி, அறையைப் பற்றி. சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது, உள்ளே தெர்மாமீட்டர் தொங்குகிறது, 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையில் எழுதி வைக்கிறார்கள். ஃப்ரீசரை ஒட்டி இன்சுலின் வைப்பதில்லை, உறைந்தால் வீணாகிவிடும். ஊசி முனைகளுக்கு வெள்ளை டப்பா தனியாக இருக்கிறது, குப்பைத் தொட்டியில் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. ஆனால் கட்டில் ரெண்டுதான். மாடிப்படிக்குக் கீழே அறை, இன்டர்வலில் காய்ச்சல்காரப் பிள்ளை கண்ணை மூட முடியாது. பதினோரு மணிக்கு வயிற்று வலிக்காரர்கள் வரிசை வேறு. செவ்வாய்க்கிழமை மட்டும் வயிறு வலிக்கிறவன் யார், அன்றைக்கு என்ன டெஸ்ட் என்றுகூட சிஸ்டருக்குத் தெரியும், மிஸ்ஸிடம் போய்ப் பேசுகிறார். இவ்வளவையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். மெடிக்கல் ஃபீஸ் என்று வருஷத்துக்கு 1,500 ரூபாய் தனியாக வாங்குகிறார்கள், அதில் இன்னொரு நர்ஸ் வைக்கலாம்.

டைப் 1, ஆஸ்துமா, வலிப்பு இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் ஃபீஸ் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: நர்ஸ் சாப்பிடப் போகிற அரை மணி நேரம் சிக் ரூம் சாவி யாரிடம் இருக்கும்? பதிலுக்கு யோசித்தார்கள் என்றால் அடுத்த பள்ளியைப் பாருங்கள். இங்கே சாவி லைப்ரரி மிஸ்ஸிடம்.

ஒரு ஸ்டார் குறைத்தது சனிக்கிழமைக்காக. ஸ்பெஷல் கிளாஸ் உண்டு, நர்ஸ் கிடையாது. அன்றைக்கு மட்டும் பழையபடி நான்தான் ஷட்டரை இறக்குகிறேன். எங்களைப் போல இன்னும் சில பெற்றோர் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஜூனில் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ஆள் போட்டார்கள் என்றால் அந்த ஸ்டாரையும் சேர்த்துவிடுகிறேன்.